டூரிங் பைக் வாங்க முன், கொம்பனி போடும் கணக்கை நீங்களும் ஒருமுறை போடுங்கள்

போன மாதம் நிலாவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் என் கராஜுக்கு வந்தார். போனில் கவாசாகி கேஎல்ஆர் 650 படம். "அண்ணே, அமெரிக்காவில இது சும்மா ரோட்டு ரோட்டா ஓடுது. இங்க ஏன் ஒருத்தரும் கொண்டு வாறாங்க இல்ல?" என்று கேட்டார். கல்யாணம் முடித்து ஒரு வருடம். மனைவியை ஏற்றிக்கொண்டு பொத்துவில், எல்ல, நுவரெலியா என்று சுற்ற வேண்டும் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறார்.

திருகோணமலை அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட 23 வருடமாகப் பைக் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியை வேறு வேறு பைக்கின் படத்தோடு நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. எந்த மொடலை எந்த நாட்டில் விற்பது என்று கொம்பனி ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குப் புரிந்தால், திருகோணமலையில் இருக்கிற உங்களுக்கு எந்தப் பைக் ஒத்துவரும் என்பதும் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

எனக்கு இது புரிந்தது ஒரு ஹொண்டா பாஜாவால். எக்ஸ்ஆர் 250 பாஜா, முன்னுக்கு இரண்டு பெரிய வட்ட லைட், ரெக்கொண்டிஷனாக ஜப்பானிலிருந்து வந்தது. ஆசைப்பட்டு வாங்கினேன். ஒரு நாள் அனுராதபுரம் போய்விட்டு இரவு திரும்பி வருகிறேன். ஹொரவப்பொத்தானை தாண்டி, பன்குளம் வர முன் எஞ்சின் டக்கென்று நின்றது. லைட் எரிகிறது, ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றி ஹெட்டில் தொட வைத்துப் பார்த்தேன், பொறி இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் காடு, எங்கோ கிளை முறிகிற சத்தம். யானை நடமாடுகிற இடம் அது. நெல் மூட்டை ஏற்றி வந்த பட்டா லொறிக்காரர் ஒருவர் நிறுத்தி, பைக்கையும் என்னையும் மூட்டைக்கு மேல் ஏற்றிக்கொண்டு வந்தார். அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் ஒவ்வொன்றாகப் பார்த்ததில் போனது சிடிஐ. பிளக்குக்குப் பொறி அனுப்புகிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புப் பெட்டி. திருகோணமலையில் இல்லை, கொழும்பில் கேட்ட கடைகளிலும் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் மூலம் 'எக்ஸ்ஆர் 250 சிடிஐ' என்று சொல்லி ஒன்றை எடுப்பித்தேன். ஐந்து கிழமைக்குப் பிறகு வந்தது. பெட்டியைத் திறந்து வயர் சொக்கெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பின்களின் எண்ணிக்கையே வேறு. அது அமெரிக்காவில் விற்ற எக்ஸ்ஆர் 250 ஆர் பைக்கின் சிடிஐ. அந்தப் பைக் காட்டுக்குள் ஓட்டுவதற்கென்றே செய்தது, சிக்னல் லைட் கூட இல்லாதது, வயரிங் வேறு. பெயரில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். என் பாஜா மொத்தம் பதினொரு கிழமை சாரம் போர்த்திக்கொண்டு கராஜ் மூலையில் நின்றது. கடைசியில் கண்டியில் உடைத்து விற்ற ஒரு பாஜாவிலிருந்து எடுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு பைக் எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்று பார்க்கப் பழகினேன். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். ஹேண்டிலை இடது பக்கம் முழுவதும் திருப்பி, வலது பக்கத்தில் ஸ்டியரிங் கழுத்தைத் துணியால் துடையுங்கள். பெரும்பாலான பைக்குகளில் ஃபிரேம் இலக்கம் (சாசி நம்பர்) அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். பதினேழு எழுத்தும் இலக்கமுமாக இருந்து, எம்ஏ முதல் எம்இ வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் இந்தியாவில் செய்தது. எம்எல் முதல் எம்ஆர் வரை என்றால் தாய்லாந்து. ஜே என்று தொடங்கினால் ஜப்பான். பதினேழு இல்லாமல் குட்டையாக, என் பாஜாவில் இருப்பது போல எம்டி 30 என்று தொடங்கி ஒரு கோடு போட்டு இலக்கம் வந்தால், அது ஜப்பான்காரர் தங்கள் நாட்டுக்குள் விற்கச் செய்த பைக். உதிரிப்பாகம் தேடும்போது பெயரைச் சொல்லாதீர்கள், அந்த எம்டி 30ஐச் சொல்லுங்கள்.

சரி, ஜப்பானில் இவ்வளவு அருமையான 250கள் ஏன் வந்தன? எஞ்சின் தெரிந்தவர்கள் 251 கூடாது என்று தீர்மானித்தார்களா? இல்லை. ஜப்பான் சட்டப்படி 250 சிசிக்கு மேற்பட்ட பைக்கை உரிய காலத்துக்கு ஒருமுறை அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்குச் செலவு. 250க்குள் இருந்தால் அந்தப் பரிசோதனை இல்லை. அதனால்தான் பாஜா, யமஹா செரோ 225, சுசுகி ஜெபெல் 250 எல்லாம் அந்தக் கோட்டுக்குள் நின்றன. ஜெபெல் 250 எக்ஸ்சிக்கு 17 லீற்றர் டாங்க் போட்டார்கள், தூரப் பயணத்துக்கென்றே. ஜப்பான்காரர் ஓட்டி முடித்த அந்தப் பைக்குகளில் சில நம்முடைய ரோட்டுக்கும் வந்தன. நம்மை நினைத்து யாரும் அவற்றைச் செய்யவில்லை.

டூரிங் பைக்குகளின் சிசி இலக்கத்தைப் பார்த்தவுடன் 'இது எந்த நாட்டுச் சட்டத்தின் எல்லை' என்று கேட்டுப் பழகுங்கள். ஹொண்டாவின் சிபி 500 எக்ஸ் (இப்போது என்எக்ஸ் 500 என்று பெயர்) 471 சிசி. சக்தி 35 கிலோவாட். ஐரோப்பாவில் ஏ2 என்கிற நடுத்தர லைசென்ஸ்காரர் ஓட்டக்கூடிய உச்ச அளவு சரியாக 35 கிலோவாட். அதே பைக்கை ஜப்பானில் 399 சிசியாகக் குறைத்து 400 எக்ஸ் என்று விற்றார்கள், ஏனென்றால் அங்கே சாதாரண பைக் லைசென்ஸ் 400 சிசியோடு முடிகிறது. ஆள் ஒன்று, சட்டை இரண்டு.

இந்தியாவில் கோடு 350. 2025 செப்டெம்பர் 22இலிருந்து 350 சிசி வரையான பைக்குக்கு ஜிஎஸ்டி வரி 18 வீதம், அதற்கு மேல் 40 வீதம். ரோயல் என்ஃபீல்டின் 349 சிசி மீட்டியோர் கோட்டுக்கு இந்தப் பக்கம், 452 சிசி ஹிமாலயன் அந்தப் பக்கம். இப்படி ஒரு கோடு போட்டவுடன், அடுத்த சில வருடத்தில் 350க்குக் கிட்டக் கிட்டப் புது எஞ்சின்கள் வரத்தான் பார்க்கும். நமக்கு வருகிற புதுப் பைக்கில் பெரும்பகுதி இந்தியாவில் செய்தது. ஆகவே டில்லியில் போடுகிற வரிக்கோடு, இரண்டு மூன்று வருடம் கழித்து நம்முடைய ஷோரூமில் தெரியும். பைக் வாங்க அவசரமில்லாதவர்கள் இந்தியச் செய்தியைக் கவனித்துக்கொண்டு இருப்பது நல்லது.

இனித் தம்பியின் கேஎல்ஆர். அது 1987இல் வந்த பைக். கார்ப்ரேட்டரோடு (பெற்றோலையும் காற்றையும் கலந்து விடுகிற பழைய முறை) 2018 வரைக்கும் ஓடியது. பிறகு நிறுத்தி, இன்ஜெக்ஷன் (கம்பியூட்டர் அளந்து பெற்றோல் பீச்சுகிற முறை) போட்டு 2022 மொடலாகத் திரும்ப அமெரிக்காவில் விட்டார்கள். அப்போதும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே யூரோ 5 புகைச் சட்டம் 2020இல் புது மொடல்களுக்கும் 2021இல் எல்லா மொடல்களுக்கும் வந்துவிட்டது. ஒரு நாட்டில் ஒரு மொடலை விற்க முன் புகை, சத்தம், பிரேக், லைட் எல்லாம் அந்த நாட்டுச் சட்டப்படி சோதித்துச் சான்று வாங்க வேண்டும். அந்தச் செலவு ஒரு பைக் விற்றாலும் ஒன்றுதான், பத்தாயிரம் விற்றாலும் ஒன்றுதான். அதனால் கொம்பனி கேட்பது 'இது நல்ல பைக்கா' என்று அல்ல, 'இந்தச் செலவை எத்தனை பைக்கால் பிரிப்பேன்' என்று. அமெரிக்காவில் பிரிக்க ஆள் இருக்கிறது. நம்முடைய நாட்டில் ஒரு 650ஐ வருடத்துக்கு எத்தனை பேர் வாங்குவார்கள்? விரல் விட்டு எண்ணலாம். அதற்காக யாரும் பார்ட்ஸ் ஸ்டோர் திறந்து, மெக்கானிக்குக்குப் பயிற்சி கொடுத்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தம்பிக்கு இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. ஆனால் சொல்லாமல் விடுவது பாவம்.

ரோட்டையும் கணக்கில் எடுக்கிறார்கள். ஜெர்மனியில் பல நெடுஞ்சாலைகளில் வேக எல்லையே இல்லை, அங்கே ஆயிரம் சிசிக்கு மேல் எஞ்சினுக்கு வேலை இருக்கிறது. அமெரிக்காவில் ஒரே நேர்ரோட்டில் நாள் முழுக்க ஓடலாம், அதற்குத்தான் கோல்ட் விங் போல சோபா மாதிரிச் சீட் வைத்த பைக். நம்முடைய அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஏறவே முடியாது. நமக்கு உள்ளது கந்தளாய், ஹபரணை வழியாகப் போகிற ஏ6, வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போகிற ஏ15, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை ரோடு. மாடு நிற்கும், பஸ் முந்தும், பின்னேரம் யானை வரும். இந்த ரோட்டில் மணிக்கு 70, 80இல் அலுக்காமல் ஓடி, சட்டென்று பிரேக் பிடித்து நிற்கிற பைக்தான் டூரிங் பைக். 200 முதல் 450 சிசிக்குள் அது தாராளமாகக் கிடைக்கும்.

நீங்கள் ஒரு கொப்பியை எடுத்துப் போன வருடம் உண்மையில் போன பயணங்களை எழுதுங்கள். போக நினைத்ததை எழுத வேண்டாம், போனதை மட்டும். எத்தனை கிலோமீற்றர், பின்னால் யார், என்ன சாமான், எத்தனை தரம் மழை. நிலாவெளித் தம்பியை எழுத வைத்தேன். கண்டிக்கு இரண்டு தரம், மட்டக்களப்புக்கு நாலு தரம், யாழ்ப்பாணம் ஒன்று, மிச்சம் எல்லாம் டவுனுக்கும் வேலைக்கும். கேஎல்ஆர் அந்தக் கொப்பிக்குள் எங்கேயும் வரவில்லை.

அடுத்தது எஞ்சினுக்குச் சொந்தபந்தம் யார் என்று பார்ப்பது, அதாவது அதே எஞ்சின் வேறு எந்தப் பைக்கில் இருக்கிறது என்று. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரிது. கொம்பனிகள் ஒரு எஞ்சினைச் செய்து நாலைந்து பைக்கில் போடுவார்கள், செலவு குறையும். அந்த நாலில் ஒன்று உங்கள் ஊரில் வேலைக்குப் போகிற ஆட்களின் பைக்காக இருந்தால் நீங்கள் தப்பினீர்கள். பிஸ்டன், ரிங், கிளச் பிளேட் எல்லாம் டவுன் கடையிலேயே இருக்கும். டூரிங் மொடலுக்கு மட்டும் தனியாக வருவது முன் ஃபோர்க், லைட், டாங்க், கண்ணாடி மாதிரிச் சாமான்கள்தான். ஒரே பெயரில் எஞ்சின் வேறாக இருப்பதும் உண்டு, கவனம். சுசுகி வி-ஸ்ட்ரோம் 250 என்றால் இரட்டைச் சிலிண்டர். இந்தியாவில் செய்கிற வி-ஸ்ட்ரோம் 250 எஸ்எக்ஸ் ஒற்றைச் சிலிண்டர், முற்றிலும் வேறு எஞ்சின். பெயரை நம்பிப் பார்ட்ஸ் எடுத்தால் என் சிடிஐ கதைதான். அதே மாதிரி, ஒரே இந்திய மொடல் உள்நாட்டுக்கு இன்ஜெக்ஷனாகவும் வெளிநாட்டுக்குக் கார்ப்ரேட்டராகவும் வருவதுண்டு. இன்ஜெக்ஷன் என்றால், அதை ஸ்கேன் பண்ணுகிற கருவி திருகோணமலையில் யாரிடம் இருக்கிறது என்று வாங்க முன்னரே கேட்டு வையுங்கள்.

பிறகு மூன்று சாமான் சோதனை. வாங்க நினைக்கிற மொடலின் பெயரையும் வருடத்தையும் சொல்லி மூன்று கடைக்குப் போன் பண்ணுங்கள். கிளச் கேபிள் இருக்கிறதா, முன் பிரேக் பேட் இருக்கிறதா, சிடிஐ அல்லது ஈசியூ (இன்ஜெக்ஷனை நடத்துகிற கம்பியூட்டர்) இருக்கிறதா. முதல் இரண்டும் இன்றைக்கே கிடைக்க வேண்டும். மூன்றாவதற்கு 'ஒரு கிழமையில் எடுத்துத் தரலாம்' என்றாலே போதும். 'பார்த்துச் சொல்றன்' என்று வைத்துவிட்டு மூன்று கடையும் திருப்பி எடுக்காவிட்டால், அந்தப் பைக்கை இந்த நாட்டில் யாரும் பொறுப்பெடுத்து விற்கவில்லை என்று அர்த்தம்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் என் கராஜில் பார்த்ததைச் சொல்கிறேன். ஊரெல்லாம் ஓடுகிற மொடல்களுக்குச் சாமான், விலை ஏறினாலும், எப்படியோ வந்துகொண்டிருந்தது. அபூர்வ மொடல்கள் ஒவ்வொன்றாக நின்றன. 2022இல் கியூஆர் அட்டைக்குப் பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் தந்த நாட்களும் நினைவிருக்கும். ஹபரணைக்குப் போய்வரவே 170 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 ஓடுகிற பைக்காரர் போய் வந்தார், 28 ஓடுகிற என் பாஜா கந்தளாய்க்குப் போய்த் திரும்பியதோடு சரி. அந்தக் காலம் திரும்பி வரக் கூடாது. என்றாலும் பைக் வாங்கும்போது ஒரு லீற்றருக்கு எவ்வளவு என்பதை யாராவது ஓட்டுகிறவரிடம் கேளுங்கள், விளம்பரத்தில் பார்க்க வேண்டாம்.

எந்தக் கொம்பனியும் நமக்காகப் போடாத கணக்கு ஒன்று உண்டு, உப்பு. ஹிமாலயன் மாதிரிப் பைக்கை மலையை மனதில் வைத்துச் செய்தார்கள், பெயரே அதைத்தான் சொல்கிறது. நாம் இருப்பது கடல் மட்டத்தில். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீட்டுக்கு வெளியே நிறுத்துகிற பைக்கில் ஸ்போக் நிப்பிள், செயின், வயர் சொக்கெட் மூன்றும் முதலில் போகும். சொக்கெட்டைக் கழற்றினால் செம்புப் பின்னில் பச்சையாகப் பூத்திருக்கும். சுண்டு விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டும். ஆகவே பழைய பைக் பார்க்கும்போது டாங்கின் மினுமினுப்பைப் பார்க்காமல், சீட்டைக் கழற்றி இரண்டு சொக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். இந்த ஊர்க் காற்றில் எவ்வளவு காலம் நின்ற பைக் என்று அது சொல்லும். வாங்கிய பிறகு, கடற்கரைப் பக்கம் போய் வந்த நாளில் நல்ல தண்ணீரால் கழுவி, சொக்கெட்டுகளுக்குக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள்.

லைட்டும் பாருங்கள். நாம் ரோட்டில் இடது பக்கம் போகிறோம். ஐரோப்பாவில் வலது பக்கம் ஓடுவதற்குச் செய்த லைட், டிம்மில் போட்டாலும் வலது ஓரத்தைத் தூக்கிக் காட்டும், அதாவது எதிரே வருகிறவரின் கண்ணுக்குள். மாலை மங்கின பிறகு ஒரு மதிலுக்கு முன்னால் பத்தடி தள்ளி நிறுத்தி டிம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வெளிச்சம் இடது பக்கம் ஏறியிருந்தால் சரி. ஜப்பான், இந்தியா, தாய்லாந்து மூன்றும் நம்மைப் போல இடது பக்கம்தான், அந்தப் பைக்குகளில் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இல்லை.

கடைசியாக, பின்னால் இருக்கிறவர். இந்தியச் சட்டத்தில் பின்சீட்காரருக்குப் பிடி, கால் மிதி, பின் சக்கரத்தைப் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற தடுப்பு எல்லாம் கட்டாயம். சேலைத் தடுப்பு என்று நாம் சொல்வது அதைத்தான். சில பையன்கள் வாங்கினவுடன் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். அதை எழுத விரும்பவில்லை. ரெக்கொண்டிஷன் பைக்கில் அது இல்லாவிட்டால் வெல்டிங் கடையில் செய்து போடுங்கள்.

நிலாவெளித் தம்பியிடம் நான் சொன்னது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் தெரிவு செய்த மொடலை வைத்திருக்கிற யாரையாவது பிடித்து, மனைவியையும் ஏற்றி, சாமான் பையோடு குச்சவெளி வரை போய் வாருங்கள். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி, இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா என்று பாருங்கள். மணலில் ஒரு இடம், சரிவில் ஒரு இடம், பெற்றோல் செட்டில் ஒரு இடம். ஒரு மணித்தியாலம் போன பிறகு மனைவி இறங்கி இடுப்பைப் பிடித்தால் அந்தச் சீட் உங்கள் குடும்பத்துக்கு இல்லை. அதற்குப் பிறகும் பிடித்திருந்தால், ஏஜென்டிடம் போய்ப் பெயரையும் மொடலையும் நிறத்தையும் கொடுத்து, முன்பணம் கட்டி ரசீது வாங்குங்கள். போட்டோவுக்கு லைக் போடுகிற ஆயிரம் பேரை ஏஜென்ட் எண்ணுவதில்லை. ரசீதைத்தான் எண்ணுவார், அடுத்த கப்பலுக்கு ஓடர் போடும்போது.

தம்பி கொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நேற்றுப் போன் பண்ணினார். மூன்று கடையில் இரண்டில் கிளச் கேபிள் இருக்கிறதாம், ஈசியூ ஒரு கிழமையில் வருமாம். "சரி, இனி அவவக் கூட்டிக்கொண்டு குச்சவெளிக்குப் போங்க" என்றேன்.